கையொப்பத்துக்கும் அரசிதழுக்கும் இடையில்

இரசாயன ஆயுத உடன்படிக்கையில் இந்தியா 1993 ஜனவரியில் கையொப்பமிட்டது; 1996 செப்டம்பரில் ஏற்புறுதி அளித்தது. 1997 ஏப்ரல் 29 அன்று உடன்படிக்கை உயிர்பெற்றபோது தொடக்க உறுப்பு நாடுகளின் வரிசையில் இருந்தோம். ஆனால் அதை உள்நாட்டில் செயல்படுத்தும் சட்டம் 2000இல்தான் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2005 ஜூலை 1. தடைசெய்யப்பட்ட செயல்களைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு கேட்கிறது. அந்தக் கடமையை எட்டு ஆண்டுகளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தோம். அரசு தன் வசமிருந்த கடுகு வாயு இருப்பை அறிவித்து, 2009இல் முழுவதும் அழித்து முடித்தது பெருமைக்குரியது. அதற்கு நிர்வாக ஆணை போதும். தனிநபர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த, நடைமுறையில் உள்ள சட்டம் வேண்டும். அரசமைப்பின் 253ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதற்கான முழு அதிகாரத்தையும் தந்திருக்கிறது. "அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்ற வழக்கமான வாசகத்தை இத்தகைய மசோதாக்களில் இனி ஏற்கக் கூடாது. தேதி சட்டத்திலேயே இருக்கட்டும்.

தாமதத்தைவிட நம்மை அதிகம் உறுத்துவது வரைவு முறை. உடன்படிக்கையின் வரையறையை அப்படியே எடுத்துத் தண்டனைச் சட்டத்தில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் சாட்சி. பென்சில்வேனியாவில் நுண்ணுயிரியல் படித்த ஒரு பெண், தன் கணவனோடு உறவு வைத்திருந்த தோழியைப் பழிவாங்கத் துணிந்தார். வேலைசெய்த இடத்திலிருந்து எடுத்த ஓர் ஆர்சனிக் சேர்மத்தையும் இணையத்தில் வாங்கிய பொட்டாசியம் டைகுரோமேட்டையும் தோழியின் கார்க் கதவிலும் தபால் பெட்டியிலும் வீட்டுக் கதவின் குமிழிலும் பலமுறை தடவினார். தோழிக்கு ஏற்பட்டது கட்டைவிரலில் ஒரு சிறு புண். தண்ணீரில் கழுவியதோடு சரி. அரசுத் தரப்போ இரசாயன ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. ஆறு ஆண்டுச் சிறை! 2014 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தத் தண்டனையைச் செல்லாது என்றனர்.

முடிவில் ஒன்றுபட்டவர்கள் காரணத்தில் பிரிந்தார்கள். உள்ளூர்க் குற்றங்களை எல்லாம் விழுங்கும்படி இச்சட்டத்தைப் படிக்கலாகாது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். சட்டத்தின் சொற்கள் அந்தச் செயலைத் தெளிவாகவே உள்ளடக்குகின்றன என்றனர் ஸ்காலியா உள்ளிட்ட மூவர். சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் மூவர் சொன்னதே சரி என்பது எம் கருத்து.

அப்படியானால் வரையறையைச் சுருக்கிவிடலாமா? கூடாது. 2018இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் நோவிசோக் நஞ்சு பயன்பட்டபோது அது உடன்படிக்கையின் பட்டியல்களில் இல்லை. அந்த வகை நஞ்சுகளைச் சேர்த்த திருத்தம் 2020 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இல்லாதபோதும் அதை இரசாயன ஆயுதம் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், நோக்கத்தை அளவுகோலாகக் கொண்ட அந்த விரிந்த வரையறைதான். அதில் கை வைத்தால் உடன்படிக்கையின் உயிர்நாடி அறுந்துவிடும்.

சல்லடை இருக்க வேண்டிய இடம் குற்றப்பத்திரிகை. நம் சட்டமும் உடன்படிக்கையின் வரையறையைத் தழுவியதே. அமில வீச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 124ஆம் பிரிவு இருக்கிறது. நாளை ஒரு விசாரணை அதிகாரி அதே சம்பவத்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்தால், அமிலம் உயிர்ச் செயல்பாடுகளின் மீது நிகழ்த்தும் வேதிவினையால் கேடு செய்யும் நச்சுப் பொருளா என்ற வாதம் ஏதோ ஒரு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் எழும். பாதிக்கப்பட்ட பெண்ணின் வழக்கு அந்த வாதத்திலேயே ஆண்டுக்கணக்கில் முடங்கக்கூடும். எத்தகைய செயலுக்கு எந்தச் சட்டம் என்று அரசு வழக்கறிஞர்களுக்குத் தெளிவான வழிகாட்டு நெறி ஒன்றை எழுதித் தர வேண்டியது மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இயங்கும், இரசாயன ஆயுத உடன்படிக்கைக்கான தேசிய ஆணையத்தின் பொறுப்பு. அதன் முதல் வரைவை இத்துறையில் வழக்காடுபவர்களே எழுதி அனுப்பலாம். இவ்விதழ் அதற்கு இடம் ஒதுக்கும்.