விமானி கையில் துப்பாக்கி

2008-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி. அமெரிக்காவில் டென்வர் நகரில் இருந்து புறப்பட்ட விமானம், சார்லட் நகரை நெருங்கிக்கொண்டு இருந்தது. உள்ளே 124 பிரயாணிகள். தரை இறங்கச் சிறிது நேரமே இருந்தது. அப்போது விமானி அறைக்குள் "டுமீல்" என்று ஒரு சத்தம்!

சுட்டது கடத்தல்காரன் அல்ல. விமானியிடம் இருந்த கைத்துப்பாக்கிதான் தவறி வெடித்துவிட்டது. குண்டு விமானத்தின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. நல்ல வேளை! யாருக்கும் காயம் இல்லை. விமானம் பத்திரமாக இறங்கியது.

விமானம் ஓட்டுகிறவருக்குத் துப்பாக்கி எதற்கு?

2001 செப்டம்பர் 11-ந் தேதி அங்கே 4 விமானங்கள் கடத்தப்பட்டன. சுமார் 3 ஆயிரம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு, "எங்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள்" என்று விமானிகள் கேட்டார்கள். சர்க்கார் முதலில் மறுத்தது. 2002 நவம்பரில் சட்டம் வந்தது. 2003 ஏப்ரலில் முதல் அணி பயிற்சி முடித்தது. கட்டாயம் இல்லை, விரும்புகிறவர்கள் சேரலாம். துப்பாக்கியைச் சர்க்காரே கொடுக்கும். ஆனால் அதிகாரம் விமானி அறையோடு சரி.

இங்கேதான் வினை பிறந்தது. அறைக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமானால், துப்பாக்கியை உறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. பூட்டின் வளையம் உறையின் துவாரம் வழியாக, விசையின் பக்கத்திலேயே நுழைந்தது. துப்பாக்கி உறைக்குள் சரியாக உட்காராவிட்டால், வளையம் விசையை இழுத்துவிடும். விமானிகளே இந்த உறையைக் குறை கூறினார்கள். பாதுகாப்புக்குப் போட்ட பூட்டே ஆபத்தாகிவிட்டது!

அதற்காகத் துப்பாக்கியே வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இப்போது விமானி அறைக்கு, குண்டு துளைக்காத கதவு இருக்கிறது. உள்ளே இருந்து பூட்டிக்கொள்ளலாம். ஆனால் நீண்ட பயணத்தில் அந்தக் கதவு திறக்கத்தான் வேண்டும். விமானிக்குச் சாப்பாடு போக வேண்டும். அவரும் கழிவறைக்குப் போக வேண்டும். ஒருவன் பாய்ந்து உள்ளே நுழைய அந்தச் சில வினாடிகள் போதும்.

ஆனால் அந்தச் சில வினாடிகளுக்குத் துப்பாக்கியைவிட நல்ல வழி இருக்கிறது. கதவுக்கு முன்னால் இன்னொரு தடுப்பு! புதிதாகச் செய்யும் பிரயாணி விமானங்களில் அதை வைக்க வேண்டும் என்று 2023-ல் அமெரிக்காவில் விதி செய்தார்கள். 2001-க்குப் பிறகு இதற்கு 22 ஆண்டுகள் ஆயின. துப்பாக்கி கொடுக்க ஒன்றரை ஆண்டுதான் பிடித்தது.

துப்பாக்கி வெடித்த விமானியை அவருடைய கம்பெனி வேலையில் இருந்து நீக்கியது. வழக்கு மத்தியஸ்தரிடம் போயிற்று. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.