அரசியல் படித்து என்ன செய்வது?

என்ஜினீயரிங் படிக்கிற பையனை யாரும் ‘எதற்காக அப்பா படிக்கிறாய்?’ என்று கேட்பதில்லை. படித்து முடித்து வேலை கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளை, அதிலும் ஒரு பெண், ‘நான் அரசியல் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன்’ என்று வாய் திறந்துவிட்டால் போதும், வீடு இழவு வீடாகிவிடுகிறது. “அதைப் படித்து என்ன செய்வது? கட்சியில் சேர்ந்து கொடி பிடிக்கவா?” என்று கேட்கிறவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள் அல்லர். பத்திரிகைத் தலையங்கத்தைக் காலைக் காப்பியோடு சேர்த்துப் பருகுகிறவர்கள்; என் நாவல்களைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள். அவர்களோடுதான் எனக்கு இன்று வழக்கு.

ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு உதவும் என்று சொல்லிப் பாருங்கள். உடனே முகம் மலர்ந்துவிடும். ஆளப் போகிறவன் அரசியல் படிக்கலாம், ஆளப்படுகிறவனுக்கு அது எதற்கு என்பது இவர்களுடைய சித்தாந்தம். மன்னராட்சிக் காலத்து அரண்மனையில் இது செல்லும். வோட்டுப் போடுகிற தேசத்தில் எப்படிச் செல்லும்?

இதே கேள்வியை அரியலூர் ஜில்லா ஆண்டிமடத்தில் ஒரு முந்திரித் தோப்புக்காரர் என்னிடம் கேட்டார். “பொண்ணு நல்ல மார்க்கு வாங்கியிருக்கு சார். சிதம்பரம் யூனிவர்சிட்டியிலே அரசியல்தான் படிப்பேன்னு ஒத்தைக் காலிலே நிக்குது. நம்ம மாதிரி குடும்பத்துக்கு அரசியல் எதுக்குங்க?”

“இந்த வருஷம் கொட்டை என்ன விலை போயிற்று?” என்று கேட்டேன்.

“அது நம்ம கையிலா இருக்கு? பண்ருட்டி வியாபாரி சொல்றதுதான் விலை.”

பண்ருட்டி வியாபாரி கையிலும் அது இல்லை என்பதுதான் விஷயம். முந்திரியே இந்த மண்ணின் மரமன்று. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. இன்று உலகத்தில் மிக அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவது ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டில். உடைத்த பருப்பை மிக அதிகமாக ஏற்றுமதி செய்வது வியட்நாம். ஒரு காலத்தில் அந்த ஸ்தானத்தில் இருந்தது நாம். நம் ஆலைகளும் ஆப்பிரிக்கக் கொட்டையைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துதான் உடைக்கின்றன. அதன்மேல் எவ்வளவு சுங்கவரி என்பதை டில்லியில் பட்ஜெட்டில் எழுதுகிறார்கள். ஆப்பிரிக்காவில் மழை, வியட்நாமில் ஓர் அரசாங்கத்தின் சலுகை, டில்லியில் ஒரு வரி — மூன்றும் சேர்ந்து ஆண்டிமடத்தில் ஒரு மூட்டையின் விலையாக வந்து நிற்கின்றன. கலாசாலையில் இதற்குச் சர்வதேச அரசியல் என்று பெயர். பெரியவர் அறுவடைதோறும் அதை அனுபவிக்கிறார். மகள் அதைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். இதில் யார் நடைமுறை தெரியாதவர்?

ஆண்டிமடத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2006-ஆம் வருஷத் தேர்தல் வரையில் ஆண்டிமடம் என்று ஒரு சட்டசபைத் தொகுதி இருந்தது. 2011 தேர்தலில் அந்தப் பெயர் இல்லை. இடையில், 2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதி மறுவரையறைக் கமிஷன் கோடுகளை அழித்துப் புதிதாகப் போட்டது. மொத்தம் 234 என்ற எண்ணிக்கை மாறவில்லை, ஆண்டிமடம்தான் மறைந்தது. மக்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே விதி இருக்கிறது. ஆனால் ஆட்சேபணை எழுதுவதற்கு முதலில் விஷயம் புரிய வேண்டுமே! கோயில் தேர் பாதையை மாற்றினால் ஊரே திரண்டிருக்கும். தொகுதியின் பெயர் போனதற்கு, நான் பார்த்த வரையில், டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெருமூச்சுதான் மிச்சம்.

இது ஆண்டிமடத்தோடு நிற்கிற சமாசாரமும் அல்ல. 1962-இல் லோக்சபையில் நம் ராஜ்யத்துக்கு 41 ஸ்தானங்கள் இருந்தன. 1967-இல் 39 ஆயின. ஜனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய ராஜ்யங்கள் மேலும் இழக்காதபடி 1976-இல் 42-வது திருத்தம் 1971-ஆம் வருஷக் கணக்கோடு எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. பிறகு 84-வது திருத்தம் அந்தத் தடையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரையில் நீட்டியது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற சவரன் கணக்கை நினைவில் வைத்திருக்கிற நம் நடுத்தர வர்க்கத்தில் எத்தனை பேருக்கு இந்த 41-ம் 39-ம் தெரியும்? (1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்ததை மட்டும் எல்லோரும் சொல்லுவார்கள். அது கதையாகிவிட்டது, கதை நமக்கு நினைவிருக்கும்.) பழுப்பு நிலக்கரித் திட்டம் என்று சொல்லி ஜெயங்கொண்டம் பக்கத்தில் நிலம் எடுத்ததையும், திட்டம் வராமலே நஷ்டஈட்டு வழக்குகள் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்ததையும் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை போதாது.

அரசியல் படிப்பு மதிப்பிழந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பணக்காரர்கள் அதை விடவில்லை. ஹரியானாவில் சோனிபட்டில் 2014-இல் அசோகா சர்வகலாசாலை தொடங்கிற்று. சென்னைக்குப் பக்கத்தில் ஆந்திர எல்லையில் 2018-இல் கிரியா வந்தது. வருஷத்துக்குப் பல லட்சம் ரூபாய் கட்டி, அரசியலும் தத்துவமும் சரித்திரமும் கலந்து இங்கிலீஷில் படிக்கிறார்கள். அங்கே எல்லாம் சுபிட்சம் என்று நான் சொல்லவில்லை. அரசாங்கத்தை விமரிசித்து எழுதிய பிரதாப் பானு மேத்தா 2021-இல் அசோகாவை விட்டு விலகினார். உதவிச் சம்பளத்தில் படிக்கிற ஏழைப் பிள்ளைகள் சிலரும் அங்கே உண்டு. ஆனாலும் லட்சாதிபதி தன் மகனுக்கு வாங்கிக் கொடுக்கிற படிப்பை, ‘உதவாத படிப்பு’ என்று சொல்லி நீங்கள் உங்கள் மகளுக்கு மறுக்கிறீர்களே, யார் ஏமாளி?

லட்சங்கள் வேண்டியதும் இல்லை. ஆண்டிமடத்திலிருந்து பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே 1929-இல் தொடங்கிய அண்ணாமலை சர்வகலாசாலை 2013 முதல் அரசாங்கத்தின் வசம் இருக்கிறது. 1965 ஜனவரி 27-இல் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது துப்பாக்கிச் சூட்டில் ராஜேந்திரன் என்ற மாணவர் விழுந்த இடமும் அதுதான். அரசியல் அந்த வளாகத்துக்குப் புதிது அன்று.

‘இதையெல்லாம் தமிழில் படிக்க முடியுமா?’ என்று அடுத்த ஆயுதத்தை எடுப்பார்கள். கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்த ஆரம்பித்தது 1960-இல். அதற்கும் முன்னே வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு ஹிட்லரையும் முசோலினியையும் பற்றித் தமிழில் எழுதிக் குவித்தார். ரூஸோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் பிளேட்டோவின் அரசியலையும் தமிழாக்கினார். 1942-இல் யுத்தம் துரத்தியபோது மனைவியோடு பர்மாவிலிருந்து நடந்தே வந்தார். அவர் நூல்களை வாங்கிப் படித்தவர்கள் பேராசிரியர்கள் மட்டுமா? குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் படித்தார்கள். அந்த வர்க்கத்தின் பேரன்மார்தாம் இன்று ‘அரசியல் எதற்கு?’ என்கிறார்கள்.

உத்தியோகம்? நியாயமான கேள்வி, பசித்தவனிடம் ரூஸோவைப் பற்றிப் பேசக் கூடாதுதான். ஆனால் உத்தியோகத்துக்கு உத்தரவாதம் தருகிற படிப்பு எது என்று யாராவது சொல்லட்டும், நானும் கேட்டுக்கொள்கிறேன். வக்கீல் தொழிலுக்கும், பத்திரிகைக்கும், சர்க்கார் பரீட்சைகளுக்கும், வாத்தியார் வேலைக்கும் இந்தப் படிப்பிலிருந்து வழி இருக்கிறது. என்ஜினீயரிங் கடனைப் போல வீட்டை அடமானம் வைக்கவும் சொல்லாது.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் பாடநூல்களைத் தமிழிலேயே 2018-லும் 2019-லும் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போய், அந்தப் பாடம் இங்கே உண்டா என்று ஹெட்மாஸ்டரைக் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று, கையோடு ஒரு மனுவும் கொடுத்துவிட்டு வாருங்கள்.