5 வருடம் வீட்டில் இருந்து விட்டு மீண்டும் 'மெடிக்கல் கோடிங்' வேலையா? மறதி அல்ல, மாறிப்போன விதிகள்தான் சிக்கல்!

சென்னை,-

மாலை 6 மணிக்கு பெருங்குடி, தரமணி ரெயில் நிலையங்களில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கூட்டம் கூட்டமாக இளம்பெண்கள் இறங்கி வருவார்கள். அதில் பலர் 'மெடிக்கல் கோடிங்' கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள்.

கல்யாணம், பிரசவம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பாதியில் வேலையை விட்டவர்களும் இதில் ஏராளம். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. ஆனால் குழந்தை 26 வாரத்தில் பள்ளிக்கூடம் போய் விடுமா? வேலையை ராஜினாமா செய்து விடுகிறார்கள். 4 வருடம், 5 வருடம் ஓடி விடுகிறது.

பிறகு ஒருநாள் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும்போது, "மறுபடி போகலாமா? யார் எடுப்பாங்க?" என்ற கேள்வி வருகிறது.

என்ன வேலை இது?

அமெரிக்காவில் ஒருவர் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் பார்த்து குறிப்பு எழுதுகிறார். அவர்கள் தூங்கும் நேரத்தில் அந்தக் குறிப்பு இங்கே கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது.

இன்ன நோய்க்கு இன்ன எண், இன்ன சிகிச்சைக்கு இன்ன எண் என்று இங்குள்ளவர் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். எண் தப்பானால் பில் திரும்பி வந்து விடும். ஆஸ்பத்திரிக்கு நஷ்டம், எண் போட்டவருக்குத் தலைவலி!

அதனால்தான் 100-க்கு 95 சரியாக இருக்க வேண்டும் என்று பல கம்பெனிகள் கறாராக நிற்கின்றன.

மறந்தது கொஞ்சம், மாறியது அதிகம்

வீட்டில் இருந்த பெண்கள் பயப்படுவது "எல்லாம் மறந்து போச்சு" என்றுதான். நர்சிங், பிசியோதெரபி, விலங்கியல் படித்து வந்தவருக்கு உடல்கூறு அவ்வளவு சுலபமாக மறக்காது. ஒரு மாதம் புரட்டினால் வந்து விடும். பழைய விதியை நன்றாக ஞாபகம் வைத்திருப்பதுதான் ஆபத்து!

ஒரு உதாரணம். கிளினிக்குக்கு வரும் நோயாளியை டாக்டர் பார்த்ததற்கு எந்த அளவு கட்டணம் என்பதை முன்பெல்லாம் மூன்று விஷயங்களை எண்ணி முடிவு செய்தார்கள். நோயாளி சொன்ன வரலாறு, டாக்டர் செய்த பரிசோதனை, அவர் எடுத்த முடிவு. 2021 ஜனவரி 1-ந்தேதி முதல் அந்தக் கணக்கு போய் விட்டது. டாக்டரின் முடிவு எவ்வளவு சிக்கலானது, அல்லது அன்று மொத்தம் எவ்வளவு நேரம் செலவிட்டார், இந்த இரண்டில் ஒன்றுதான் அளவுகோல். 99201 என்ற எண்ணையே தூக்கி விட்டார்கள்.

2023-ல் இதே முறை, படுக்கையில் சேர்ந்த நோயாளிகளுக்கும் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் வந்தது. அங்கே மட்டும் நேரக் கணக்கு கிடையாது, முடிவு மட்டுமே. 2020-ல் வேலையை விட்ட ஒரு பெண் பழைய ஞாபகத்தில் வரலாற்றையும் பரிசோதனையையும் எண்ணிக்கொண்டு இருந்தால், தேர்விலேயே அவுட்!

கொரோனா காலத்தில் டெலிபோன் வைத்தியத்துக்கு ஓயாமல் போட்ட 99441 முதல் 99443 வரையிலான எண்கள் 2025-ல் நீக்கப்பட்டு விட்டன.

வயதானவர்களின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு (இவர்கள் பாஷையில் எச்.சி.சி.) இன்னும் பெரிய மாற்றம். 24-வது பதிப்பு போய் 28-வது பதிப்பு வந்தது. 2024-ல் மூன்றில் ஒரு பங்கு, 2025-ல் மூன்றில் இரண்டு பங்கு, 2026-ல் முழுவதும் என்று படிப்படியாகப் புகுத்தினார்கள். பணம் தேடித் தந்த நோய் எண்கள் 9,797-ல் இருந்து 7,770 ஆகக் குறைந்தன. கால் ரத்தக்குழாய் நோய்க்குப் பொதுவாகப் போடும் ஐ 73.9 என்ற எண்ணுக்கு இப்போது அந்தக் கணக்கில் இடமில்லை.

இன்னும் முன்னால், 2015 அக்டோபர் 1-ந்தேதிக்கு முன்பு வேலையை விட்டவர் கதை வேறு. அன்றுதான் ஐ.சி.டி. 9 போய் 10 வந்தது. ஏறக்குறைய 14 ஆயிரம் நோய் எண்கள் ஒரே நாளில் ஏறக்குறைய 69 ஆயிரம் ஆயின. அவர் மட்டும் அரிச்சுவடியில் இருந்து தொடங்குவது நியாயம்.

காசு எங்கே போகிறது?

மற்றவர்களையும் அரிச்சுவடி வகுப்பில் உட்கார வைக்கத்தான் பயிற்சி மையங்கள் பார்க்கின்றன. "கேப் இருக்கு மேடம், முழு கோர்ஸ் எடுத்துடுங்க" என்பார்கள். புதிதாக வரும் பையனுக்கும் 4 வருட அனுபவம் உள்ள பெண்ணுக்கும் ஒரே பாடம், ஒரே கட்டணம். இது தேவையில்லை.

நோய் எண்களின் முழுப் பட்டியலும், அவற்றை எப்படிப் போடுவது என்ற 100 பக்கத்துக்கு மேற்பட்ட விதிப் புத்தகமும் அமெரிக்க அரசின் இணையதளத்தில் இலவசம். ஒவ்வொரு வருடமும் என்ன மாறியது என்பது அதிலேயே தடித்த எழுத்தில் இருக்கும். சிகிச்சை எண் புத்தகம் மட்டும் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சொத்து. அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நடப்பு வருடப் புத்தகம் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழசை வாங்கினால், அந்தப் பணம் தண்டம்.

சி.பி.சி. சான்றிதழ் வைத்திருந்தவர்கள் முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2 வருடத்துக்கு 36 பயிற்சிப் புள்ளிகள் காட்ட வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும். குழந்தைக்குப் பால் புட்டி கழுவிய நேரத்தில் யார் சந்தா கட்டினார்கள்! விட்டுப் போயிருந்தால், மறுபடி தேர்வு எழுதும் முன், திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று அந்த அமைப்புக்கே எழுதிக் கேட்பது நல்லது. தேர்வுதான் என்றாலும் மலைக்க வேண்டாம். 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம்.

அந்த வழி வேண்டாம்

"அனுபவச் சான்றிதழ் நாங்க ரெடி பண்ணித் தர்றோம், இடைவெளியே தெரியாது" என்று சொல்லும் ஆசாமிகளும் உண்டு. இடைவெளி தெரியும்! பி.எப். பொது எண் (யு.ஏ.என்.) ஒருவருக்கு ஒன்றுதான். எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை பணம் கட்டினார்கள் என்று அதில் வரிசையாக வந்து விடும். பொய் சொல்லி மாட்டிக் கொண்டால் அந்த வேலையும் போச்சு, அடுத்த கம்பெனியிலும் பெயர் கெட்டுப் போச்சு. '5 வருடம் குழந்தையைப் பார்த்தேன்' என்று விண்ணப்பத்தில் ஒரே வரியில் எழுதி விட்டு, கீழே 2021, 2023, 2025 மாற்றங்களைப் படித்திருக்கிறேன் என்று எழுதினால், தேர்வு வைப்பவர் அங்கிருந்துதான் கேள்வி கேட்பார்.

நோய் எண்கள் பெரும்பாலும் அக்டோபர் 1-ந்தேதி மாறும். சிகிச்சை எண்கள் ஜனவரி 1-ந்தேதி. அந்த மாதங்களில் வேலையில் இருப்பவரும் புதுசாகத்தான் படிக்கிறார். ஜூன், ஜூலையில் உட்கார்ந்து பழசைத் தூசு தட்டி, புதுப் பட்டியல் வந்த கையோடு விண்ணப்பம் போடலாம்.