ஒரு சவப்பெட்டியும் ஒரு நகரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த அதே பொறுமையோடு படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் வீடியோ ஒன்றைப் பகிர்ந்திருந்தார். தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து பிரபுவின் கதை. கீழே, "காதல் என்றால் இது, ஆண் என்றால் இவன்" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் இதயம் போட்டிருந்தீர்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

கதை பொய்யல்ல. 1748இல் பிறந்த கிரஹாம் பெர்த்ஷயரின் பெரிய நிலக்கிழார். வேட்டை, குதிரை, விவசாயம் என்று வாழ்ந்தவர். அவர் மனைவி மேரி பேரழகி. கெயின்ஸ்பரோ வரைந்த அவரது ஓவியம் இன்றும் எடின்பரோ தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. காசநோய் கண்ட மேரி, 1792இல் பிரான்சின் தென்கடலோரத்தில் இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுபோகும் வழியில், துலூஸ் அருகே புரட்சிக்காரர்கள் சவப்பெட்டியை உடைத்துத் திறந்தார்கள். அந்த அவமானம் கிரஹாமை மாற்றியது. ராணுவ அனுபவமே இல்லாதவர், 44 வயதுக்குமேல் போர்க்களம் போனார். 1794இல் சொந்தச் செலவில் 90ஆவது படைப்பிரிவைத் திரட்டினார். 1811இல் பரோசாவில் பிரெஞ்சுப் படையை வென்றார். 95 வயது வரை வாழ்ந்தார்.

வீடியோ சொன்னது இவ்வளவுதான். சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

1813இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரை முற்றுகையிட்ட படைக்குத் தலைவர் இதே கிரஹாம். நகருக்குள் இருந்தது பிரெஞ்சுப் படை. குடியிருந்தவர்களோ ஸ்பானிய மக்கள், பிரிட்டனின் நட்பு நாட்டார். ஆகஸ்ட் 31 அன்று மதிலை உடைத்து உள்ளே போன பிரிட்டிஷ், போர்த்துக்கீசிய வீரர்கள், தாங்கள் மீட்க வந்த அந்த மக்களையே கொள்ளையடித்தார்கள். கொலை நடந்தது, பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். நகரம் நாள்கணக்கில் எரிந்தது. சுமார் 600 வீடுகளில் மிஞ்சியவை மிகச் சில. மிஞ்சிய தெருவுக்கு இன்றும் 'ஆகஸ்ட் 31 தெரு' என்றுதான் பெயர். வேண்டுமென்றே எரித்தோம் என்ற குற்றச்சாட்டை வெலிங்டன் மறுத்தார். கிரஹாம் கொள்ளைக்கு உத்தரவிட்டார் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தலைவர் என்றால், வெற்றியில் மட்டும்தான் பங்கா?

"சார், நெப்போலியனை எதிர்த்தது தப்பா?" என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்தவன் நாட்டுக்குள் படையோடு புகுந்தவன் நெப்போலியன், எதிர்த்தது நியாயமே. என் சண்டை கிரஹாமோடு அல்ல, அவர் கதையைச் சொல்லும் விதத்தோடு. ஒரு பெண்ணின் சவத்துக்கு நேர்ந்த அவமதிப்பைக் கண்டு கலங்குகிற நாம், உயிரோடிருந்த அத்தனை பெண்களுக்கு நேர்ந்ததைக் கேட்கக்கூட இல்லையே. நிலமும் பணமும் இருந்ததால் கிரஹாமின் துயரம் ஒரு படையாக மாறியது. மேரிக்கு ஓவியம் இருக்கிறது. சான் செபாஸ்டியன் பெண்களை யார் வரைந்தார்கள்? அந்தப் படையில் சேர்ந்து செத்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த வீடியோவில் இடம்?

இதில் என் குற்றமும் உண்டு. முப்பது வருஷத்துக்குமேல் தளபதி பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்யவைத்தேன். எரிந்த வீடுகளை எண்ணச் சொல்லவில்லை.

வீரனைப் பார்க்க ஆசையா? நகரம் சாம்பலான சில நாட்களில், 1813 செப்டம்பர் 8இல், ஊர்ப் பெரியவர்கள் அருகிலுள்ள சுபியேட்டாவில் கூடி, அதே இடத்தில் நகரைத் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். கட்டியும் காட்டினார்கள். அவர்களுக்கு ஓர் இதயம் போடுங்கள்.

அந்த வீடியோவைப் பகிர்ந்த தம்பி, உன்மேல் கோபமில்லை. அடுத்த முறை பகிருமுன், "இந்தக் கதையில் பேசாதவர் யார்?" என்று ஒருமுறை கேட்டுப்பார். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். இப்போது என் கையில் பிரம்பு இல்லை.