சல்லியனுக்கும் ஒரு நாள் உண்டு

பாரிஸில் ஆடவர் அரையிறுதி நடக்கும் ஜூன் மாத வெள்ளிக்கிழமைகளில் டென்னிஸ் ரசிகர்களின் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் எழுந்து வருகிறது. ஆட்டம் ஐந்து செட்களுக்கு நீண்டு, இருவரில் ஒருவர் நூலிழையில் தப்பித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அதற்குத் தேவை. 'இதுதான் உண்மையான இறுதி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது வெறும் சடங்கு.' சொல்பவர் ஏதோ ரகசியத்தைக் கண்டடைந்துவிட்ட பாவனையில் சொல்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுச் சலித்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். இந்த வாக்கியம் பெரும்பாலும் பொய். பொய்யாகாமல் போகும் இடங்களில் அது இன்னும் மோசமான ஒன்று.

அதற்கு மிகச் சாதகமான சான்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2013 ஜூன் 7. ரோலான் காரோஸில் நடாலும் ஜோகோவிச்சும் மோதிய அரையிறுதி. நடால் 6-4, 3-6, 6-1, 6-7, 9-7 என்று வென்றார். 4 மணி 37 நிமிடம். முழங்கால் காயத்தால் ஏழு மாதங்கள் ஆடாமல் இருந்துவிட்டு அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் களத்துக்குத் திரும்பியிருந்தார். நான்காம் செட்டில் 6-5 என்ற நிலையில் ஆட்டத்தை முடிப்பதற்காக சர்வீஸ் போட்டவர், அதைக் கோட்டைவிட்டார். ஐந்தாம் செட்டின் தொடக்கத்திலேயே ஜோகோவிச் அவருடைய சர்வீஸை முறித்து முன்னால் போய்விட்டார். 4-3, ஜோகோவிச்சின் சர்வீஸ், டியூஸ். அப்போதுதான் அது நடந்தது.

வலையருகே வந்து எளிதாக முடிக்க வேண்டிய பந்து. ஜோகோவிச் அதை முடித்தும்விட்டார். ஆனால் ஓடிவந்த வேகத்தில் உடல் நிற்கவில்லை. பந்து இரண்டாம் முறை தரையில் படுவதற்கு முன் அவர் வலையைத் தொட்டுவிட்டார். பந்து உயிரோடிருக்கையில் வலையைத் தொட்டால் புள்ளி எதிராளிக்கு. விதி அவ்வளவு எளிமையானது. அந்தப் புள்ளி கிடைத்திருந்தால் 5-3க்கு ஒரே ஓர் அடி மிச்சம். கிடைக்கவில்லை. நடால் அந்த கேமை எடுத்து 4-4 ஆக்கினார்.

இந்தக் கணத்தைப் பற்றி ரசிகர்கள் பேசியதையெல்லாம் இரண்டு பெட்டிகளில் போட்டுவிடலாம். ஒரு சாரார் 'மனவலிமை' என்றார்கள். மறு சாரார் 'விதி' என்றார்கள். பார்க்க மறுப்பதற்கு இரண்டுமே வசதியான சொற்கள். எதிராளி வலையில் கால் இடறியதில் நடாலின் மனவலிமைக்கு என்ன வேலை? விதி என்கிறவர்களும் ஒரு கேள்வியைத் தவிர்க்கிறார்கள். முடிந்துபோன பந்துக்கு அந்த மனிதர் ஏன் அவ்வளவு வேகமாக ஓடிவந்தார்? எதிரே நிற்பவர் நடால் என்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. எட்டவே முடியாத பந்தையும் எட்டித் திருப்பிவிடுவார் என்ற அச்சத்தை எட்டு ஆண்டுகளாக அந்த அரங்கில் அவர் எதிராளிகளின் தசைகளுக்குள் ஏற்றிவைத்திருந்தார். மற்றவருக்கு எதிராக என்றால் தட்டிவிட்டு நிற்கக்கூடிய பந்தை அவருக்கு எதிராக முழு உடலையும் எறிந்து கொல்ல வேண்டியிருக்கிறது. மனவலிமை என்று ஒன்று இருந்தால் அதைத் தேட வேண்டிய இடம் இது.

தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பத்திரிகைகள் 'களிமண் தரை' என்று எழுதிப் பழக்கிவிட்டன; பாரிஸில் களிமண் எங்கே இருக்கிறது? கீழே கல், அதன்மேல் சரளை, அதன்மேல் நிலக்கரிச் சாம்பல்கட்டி, அதன்மேல் பொடித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல். நாம் காணும் சிவப்பு எல்லாவற்றுக்கும் மேலே தூவிய செங்கல் பொடி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம் மட்டுமே. அந்த மெல்லிய பொடியில்தான் இவர்கள் சறுக்குகிறார்கள், நிற்கிறார்கள், திரும்புகிறார்கள். ஈரம் இருந்தால் பொடி பிடித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் கால் வழுக்கும். ஜோகோவிச் அன்று கடைசிக் கட்டத்தில் தரைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேட்டார், தெளிக்கப்படவில்லை. அதனால்தான் அவர் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. 7-8இல் தன் சர்வீஸைத்தான் அவர் பறிகொடுத்தார், அதற்குச் சாக்கு கிடையாது. ஆனால் இத்தகைய ஆட்டத்தில் தண்ணீரும் பொடியும் பாதங்களும் விதியைவிடச் சுவையான விஷயங்கள். அவற்றைப் பேச ஆளில்லை. ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடமே எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தாவிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்வதற்காக!

ரத்து செய்யப்பட்ட மனிதரின் பெயர் டேவிட் ஃபெரர். அதே வெள்ளிக்கிழமை இன்னோர் அரையிறுதியில், பிரெஞ்சுக் கூட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரரான ட்சோங்காவை நேர் செட்களில் வென்றிருந்தார். அந்தத் தொடரில் அதுவரை அவர் ஒரு செட்கூட இழக்கவில்லை. வயது 31. உயரம் 175 சென்டிமீட்டர். ஆறடிக்கு மேற்பட்டவர்கள் மேலிருந்து சர்வீஸ் அறையும் காலத்தில் கால்களையும் நுரையீரலையும் நம்பி உலகின் முதல் ஐந்து பேருக்குள் வந்தவர். கிராண்ட் ஸ்லாம் இறுதி ஒன்றை எட்ட அவருக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன. அது அவருடைய முதல் இறுதி. பிறகு இன்னொன்று வாய்க்கவேயில்லை. அந்த ஒரு ஞாயிறைத்தான் நம் ரசனையாளர்கள் சடங்கு என்றார்கள்.

மகாபாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை பழக்கமானது. கர்ண மோட்சத்தோடு மனத்தளவில் போரை முடித்துக்கொள்கிறவர்கள் நம்மில் அதிகம். கண்ணீர் விட்டாயிற்று, இனி என்ன? ஆனால் கர்ணன் விழுந்தது பதினேழாம் நாள். பதினெட்டாம் நாள் காலை கௌரவர் படைக்கு ஒருவன் தலைமை ஏற்றான். முந்தின நாள் கர்ணனுக்குத் தேரோட்டிய சல்லியன். தோற்றுக்கொண்டிருக்கும் படை, எண்ணிக்கை குறைந்த படை, முடிவு தெரிந்த போர். அவன் தேரேறி வந்தான், தருமனோடு போரிட்டு மடிந்தான். வியாசர் அதற்கு ஒரு தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறார். காவியகர்த்தாவுக்கு இருந்த பொறுமை ரசிகனுக்கு இல்லை. உச்சம் எங்கே நமக்குள் நிகழ்ந்ததோ அங்கேயே கதை முடிய வேண்டும் என்கிற பிடிவாதம் இது. நாவலின் நடுவில் வரும் ஒரு மரணத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, மிச்சத்தை 'இழுவை' என்று விமர்சனம் எழுதுகிறவர்களை இலக்கியத்திலும் நமக்குத் தெரியும்.

'ஆனால் ஃபெரர் தோற்றார் அல்லவா, 6-3, 6-2, 6-3 என்று?' ஆம், தோற்றார். நடால் எட்டாம் முறையாக வென்றார். ஒரே கிராண்ட் ஸ்லாமை எட்டு முறை வென்ற முதல் ஆண் ஆட்டக்காரர் ஆனார். ஊகம் பலித்தது. ஊகம் பலித்ததால் அது பார்வை ஆகிவிடுமா? அதே ஊகம் பலிக்காத ஆண்டுகளின் கணக்கையும் எடுத்துப் பார்க்கலாம்.

2009 மே, மாட்ரிட். நடால் அரையிறுதியில் ஜோகோவிச்சை 3-6, 7-6, 7-6 என்று, மூன்று மேட்ச் பாயிண்டுகளிலிருந்து தப்பித்து வென்றார். மூன்று செட் ஆட்டம் 4 மணி 3 நிமிடம் நீண்டது. மறுநாள் இறுதியில் ஃபெடரரிடம் 6-4, 6-4 என்று தோற்றார். 2011 பாரிஸ் அரையிறுதியில், 43 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று வந்த ஜோகோவிச்சை மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் ஃபெடரர் நிறுத்தினார். அன்றைய கொண்டாட்டத்தைப் பார்த்தால் கோப்பையை அங்கேயே கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டவர் நடால்.

2021இல் ஜோகோவிச் நடாலை வென்ற அரையிறுதி, நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த மூன்றாம் செட்டைக் கொண்டது. நோய்த்தொற்றுக் காலத்து ஊரடங்கு நேரம் கடந்தும் பார்வையாளர்களை அரங்கில் இருக்க அனுமதித்தார்கள். 5-6இல் நடாலின் செட் பாயிண்டை ஜோகோவிச் வலையோரம் மெல்லத் தட்டிவிட்ட ஒரு பந்தால் காப்பாற்றினார். 'இதற்குமேல் என்ன இருக்கிறது' என்று அன்று சொல்லாதவர் யார்? ஞாயிற்றுக்கிழமை சிட்சிபாஸ் முதல் இரண்டு செட்களையும் எடுத்துக்கொண்டார். நான்கு மணி நேரத்துக்கும் மேல் போராடி, ஐந்தாம் செட்டில்தான் ஜோகோவிச் மீண்டார். 2024இல் அல்காரஸ் சின்னரை ஐந்து செட்களில் வென்றபோது வாக்கியம் மறுபடி வந்தது. இறுதியில் ஸ்வெரெவ் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தார். அல்காரஸுக்கு மறுபடியும் ஐந்து செட்கள் வேண்டியிருந்தன.

சென்னைவாசிகளுக்குத் தூரத்துச் சான்றுகள் தேவையே இல்லை. நுங்கம்பாக்கத்தில், செங்கல் பொடி இல்லாத கடினத் தரையில், 2008 ஜனவரியில் நடால் தன் நாட்டு மூத்தவர் மோயாவை 3 மணி 54 நிமிடம் போராடி மூன்று டைபிரேக்கர்களுக்குப் பின் வென்றார். மறுநாள் இறுதியில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். முந்தின நாளின் வெற்றி அவர் கால்களில் ஏறி உட்கார்ந்திருந்தது. நூலிழை வெற்றி என்பது கடன். வட்டி மறுநாள் கேட்கப்படுகிறது. அதைக் கேட்க வருபவன்தான் எதிர் அரையிறுதியில் சத்தமில்லாமல் வென்றவன். அவன் சத்தமில்லாமல் வென்றதும் ஒரு திறமை என்று ஏன் நமக்குத் தோன்றுவதில்லை?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அட்டவணை குலுக்கலில் அமைவது. 2013இல் தரவரிசை விதைப்பில் முதலாமவரான ஜோகோவிச்சும் மூன்றாமவரான நடாலும் ஒரே பாதியில் விழுந்தது தற்செயல். ஆகவே அந்தத் தொடரின் இரு சிறந்த ஆட்டக்காரர்கள் சந்தித்த இடமே இறுதி. சிறந்தவர்கள் அவ்விருவர் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் இறுதி ஆட்டம் என்பது சிறந்த இருவரின் ஆட்டம் என்று எந்த விதியிலும் எழுதப்பட்டதில்லை. அது தோற்காமல் மிஞ்சிய இருவரின் ஆட்டம். 128 பேரில் 126 பேர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். குலுக்கல் ஜோகோவிச்சுக்கு அநீதி இழைத்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள். அதற்கான தண்டனையை ஃபெரருக்கு விதிக்காதீர்கள்.

(போகிற போக்கில் ஒன்று: 9-7 என்ற அந்தக் கணக்கை இனி பாரிஸில் காண முடியாது. 2022 முதல் ஐந்தாம் செட்டிலும் 6-6இல் பத்துப் புள்ளி டைபிரேக்கர் வந்துவிட்டது. நிர்வாகிகளுக்கும் முடிவுதான் அவசரம்போலும்.)

2013 ஜூன் 9 அன்று நடந்த இறுதியை அண்மையில் மறுபடி முழுதாகப் பார்த்தேன். தூறல் விழுகிறது. இரண்டாம் செட்டில் முகமூடி அணிந்த ஒருவர் எரியும் தீப்பந்தத்தோடு களத்துக்குள் குதிக்கிறார். சாதாரணமாக அந்த இறுதியைப் பற்றி நினைவிருப்பதாகச் சொல்கிறவர்களுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். ஃபெரருக்கு பிரேக் பாயிண்டுகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன, பெரும்பாலானவை வீணாகின்றன. நீண்ட பரிமாற்றங்களில் அவர் நடாலைப் பின்னுக்குத் தள்ளவும் செய்கிறார். பிறகு அந்த முன்கை அடி வருகிறது, கோட்டை ஒட்டி. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த பந்துக்கு நடக்கிறார்.

மறுநாள் திங்கட்கிழமை வெளியான தரவரிசைப் பட்டியலில் தோற்ற ஃபெரர் நான்காம் இடத்துக்கு உயர்ந்தார். வென்ற நடால் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். முந்தைய ஆண்டின் புள்ளிகளை ஒருவர் மீட்டுக்கொள்ள மட்டுமே முடிந்தது, இன்னொருவர் புதிதாகச் சேர்த்திருந்தார், அவ்வளவுதான் கணக்கு. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மாண்டே கார்லோவின் செம்மண்ணில், கால் இறுதியில் ஃபெரர் நடாலை 7-6, 6-4 என்று வென்றார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் அரையிறுதியில் வாவ்ரிங்காவிடம் தோற்றார்.