தண்ணீருக்குக் காது இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஒரு மாதமாக நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே காணொளி சுற்றுகிறது. தண்ணீருக்கு நினைவாற்றல் உண்டாம். 'அன்பு', 'நன்றி' என்று எழுதி பாட்டிலில் ஒட்டினால் அழகான படிகமாக உறையுமாம். திட்டினால் கோரமாக உறையுமாம். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, ஆகவே நம் நோய்க்கெல்லாம் நம் எண்ணம்தான் காரணமாம். ஜப்பான் விஞ்ஞானி நிரூபித்துவிட்டாராம். பெரியவர்கள் பார்த்துப் பொழுதைப் போக்கியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் இதையே செய்து காட்டி, பரிசும் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டு பாட்டிலில் சோறு. ஒன்றைத் தினமும் கொஞ்சினார்கள். மற்றதைத் திட்டினார்கள். திட்டு வாங்கிய சோறு முதலில் பூசணம் பிடித்தது. முடிந்தது ஆராய்ச்சி! எந்த பாட்டிலை நன்றாகக் கழுவினார்கள், எதை அதிகம் திறந்தார்கள், எது ஜன்னலோரம் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வழிகாட்டிய ஆசிரியருக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வகைக்குப் பத்து பாட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடுங்கள். எது கொஞ்சிய பாட்டில் என்று தெரியாத ஒரு பிள்ளையை விட்டுப் பூசணத்தை எண்ணச் சொல்லுங்கள். அப்போது அது அறிவியல். விடை எப்படி வந்தாலும் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்ளும்.

காணொளியில் வரும் மசாரு எமோட்டோ கல்லூரியில் படித்தது சர்வதேச உறவுகள். ஒரே தண்ணீரை உறையவைத்தாலும் விதவிதமான படிகங்கள் வரும். அவற்றில் எந்தப் படத்தைப் புத்தகத்தில் போடுவது என்று தேர்ந்தெடுத்தவர்களும் அவர் தரப்பினரே. ஜப்பான் விஞ்ஞானிதான் வேண்டுமென்றால் நான் ஒருவரைச் சொல்கிறேன். உகிச்சிரோ நகாயா, ஹொக்கைடோ பல்கலைக்கழகம். 1936-ல் முயல் ரோமத்தின் நுனியில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். உலகில் முதல் செயற்கைப் பனிப்படிகம் அதுதான். வெப்பநிலையையும் காற்றின் ஈரத்தையும் மாற்ற மாற்ற, படிகம் ஊசியாகவும் தட்டாகவும் நட்சத்திரமாகவும் வடிவம் மாறியது. அவர் யாரையும் கொஞ்சவில்லை, திட்டவில்லை. நம் குழுக்களில் அவரைப் பகிர ஆளில்லை.

நினைவாற்றல் விஷயமும் சோதித்துப் பார்த்ததுதான். பிரான்ஸில் ஜாக் பென்வெனிஸ்ட் என்பவர், எதிர்ப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்சாத அளவு நீர்த்த பிறகும் தண்ணீர் அந்த எதிர்ப்பொருளை நினைவில் வைத்திருக்கிறது என்று 1988-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இதழின் ஆசிரியரே குழுவோடு அவரது ஆய்வகத்துக்குப் போனார். எந்தக் குழாயில் எது இருக்கிறது என்று சோதிப்பவருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். அவ்வளவுதான், விளைவு காணாமல் போனது. திரவ நீரில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடிக்கும் பிடி, ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கு நேரமே நிற்கும். பிறகு விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்கும். இதுவா நீங்கள் காலையில் சொன்ன 'நன்றி'யை மதியம் வரை வைத்திருக்கப் போகிறது?

கோயில் தீர்த்தத்தை வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்பவன்தான் நானும். அது பக்தி. அதற்கு ஆய்வகச் சான்றிதழ் நான் கேட்டதில்லை, கொடுக்கவும் வேண்டாம்.

தண்ணீரில் அதிசயம் இல்லை என்றா சொல்கிறேன்? பெரும்பாலான பொருட்கள் உறைந்தால் அடர்ந்து, தம் திரவத்திலேயே மூழ்கும். தண்ணீர் உறைந்தால் மிதக்கிறது. 4 டிகிரியில்தான் அதற்கு அடர்த்தி அதிகம். அதனால் குளிர்நாட்டு ஏரிகளில் பனி மேலே மூடியிருக்க, அடியில் மீன் உயிரோடு இருக்கிறது. உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவே வெளியே விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இதையெல்லாம் பத்தாம் வகுப்புக்குள் படித்துவிட்டோம், தேர்வு எழுதினோம், மறந்தோம்.

இன்னொன்று இருக்கிறது. இதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். பேதியாகும் குழந்தைக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உடம்பு இழந்த உப்பும் வேண்டும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் குடல் சுவரில் ஒரு வழி திறக்கிறது. அவை உள்ளே போக, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் நிரப்பி, உறவினர்களையே டம்ளரில் பிடித்து நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-ல் அவர் மறைந்தபோது நம் குழுக்களில் எத்தனை பேர் அஞ்சலி போட்டீர்கள்?

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொட்டலம் கிடைத்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே நல்லது. குறிப்பிட்ட அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இதைப் பகிருங்கள் ஐயா!

என் கோபத்துக்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்தது தருமபுரிப் பக்கம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். பல்லில் பழுப்புக் கோடு. ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு முதுகு நிமிராது. காரணம் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த புளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தால், முளைக்கப்போகும் பல்லிலேயே கறை விழுந்துவிடும். பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. பாறையிலிருந்து வருகிற சரக்கு அது. நிறமில்லை, வாசனையில்லை, சுவையில்லை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரத் தொடங்கியது அதனால்தான். நூற்றுக்கணக்கான கிராமங்களுக்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுபோனார்கள். யாரும் கிணற்றுக்கு 'அன்பு' என்று எழுதி ஒட்டவில்லை.

நம் எண்ணம்தான் தண்ணீரைக் கெடுக்கிறது என்றால், அந்தப் பிள்ளையின் பல் கெட்டது யார் எண்ணத்தால்? அவள் அம்மா திட்டியதாலா? நோயையும் கொடுத்து, பழியையும் அந்த வீட்டின் மேலேயே போடுகிற கருத்து இது. நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டியவர்கள் இதைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்குவார்கள். இதற்கா கைதட்டி இதயப் படம் போடுகிறீர்கள்?

என் பழைய மாணவர்கள் நிறைய பேர் இங்கே இருக்கிறீர்கள். வீட்டில் போர் தண்ணீர் குடித்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துப் பாருங்கள். புளோரைடு, நைட்ரேட் இரண்டையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிச்சத்தில் அதன் அளவு கூடவே செய்யும்.