மூண்டாம் நாள் கோபம்

சிகரட்டை விட வெளிக்கிட்டவனைக் கவிழ்க்கிறது அநேகமா அவன்ர கூட்டாளிமார்தான். கெட்ட எண்ணத்தில இல்லை, பாவம் பார்த்துத்தான். ரெண்டு நாளா எல்லாரோடையும் எரிஞ்சு விழுறான். "மச்சான், உன்னோட ஏலாது, இந்தா ஒண்டை அடி" எண்டு ஒருத்தன் நீட்டுவான். முடிஞ்சுது. எங்கட கடைகளில பெட்டியா வாங்கவும் தேவையில்லை, ஒண்டே ஒண்டு வாங்கலாம். பிறகு அதே கூட்டம்தான் "அவனுக்கு மனவுறுதி காணாது" எண்டு கதைக்கும்.

இந்த மனவுறுதிக் கதையில் எனக்கு உடன்பாடில்லை. புகையை இழுத்துச் சில விநாடிகளிலேயே நிக்கொட்டின் மூளைக்குப் போய் டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் நிக்கொட்டினைப் பிடிக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. ஆனால் இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். பிறகென்ன, ஏற்பிகள் பட்டினி. முதல் நாளே பதற்றம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். நித்திரை வராது. புத்தகத்தை விரிச்சா ஒரு பந்தி மண்டைக்குள்ள ஏறாது. பசி, மலச்சிக்கல், இருமல், சிலருக்கு வாய்ப்புண். மனமும் சோர்ந்துபோகும். அதைப் பெடியள் வெளியில சொல்ல மாட்டினம், கோபமா மாத்திப்போடுவினம்.

தேத்தண்ணியும் இதில் ஒரு பங்காளி. சிகரட் புகையில் உள்ள சில பொருட்களால் ஈரல் கஃபீனை வேகமாக உடைக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் குறையும். வழக்கமாக் குடிக்கிற அதே நாலு பிளேன்ரீ இப்ப உடம்பில கூட நேரம் நிக்கும், படபடப்பைக் கூட்டும்.

"அடிச்சாத்தான் ரென்ஷன் குறையும்" எண்டு சொல்லுறவை பொய் சொல்லேல்லை. குறையுதுதான். ஆனா முந்தின சிகரட் விட்டுட்டுப்போன ரென்ஷனைத்தான் அடுத்த சிகரட் குறைக்குது. இது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. புகையை விட்டவர்களுக்குப் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. தொடர்ந்து புகைத்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அந்தக் கரைக்குப் போறதுக்கு இடையில இருக்கிற ரெண்டு, மூண்டு கிழமையிலதான் நாங்கள் ஆளை இழுத்து விழுத்துறம்.

அவன் தனிய ஏலாதெண்டால் டொக்டரிட்டக் கேட்கலாம், 1948 இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம். கூட இருக்கிற எங்களுக்கு வேலை சின்னன். 'இப்பவே ஒண்டு வேணும்' எண்ட அந்த உந்தல் அநேகமாச் சில நிமிசத்தில தணிஞ்சிடும். அந்த நேரம் ஆளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் நடவுங்கோ, கடை இல்லாத பக்கமா. கத்தினாக் கத்தட்டும். பசி மட்டும் இன்னும் கன நாளைக்கு நிக்கும், அதுக்குக் கச்சான் வாங்கிக் குடுங்கோ.